அடுப்படிக் கல் எந்த மாதம் வாங்கலாம்

எங்கள் பழைய முதலாளியின் மருமகள் ஜெசிந்தா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். திண்டுக்கல் புறவழிச்சாலையில் நான் வேலை பார்த்த கிரானைட் யார்டை இப்போது அவர்தான் நடத்துகிறார். அது இப்போது யார்டு இல்லை. கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்து, ஷோரூம் ஆகிவிட்டது. அவருக்கு என்னிடம் ஒரு நிமிடம் வேண்டுமாம். செல்போன் முன்னால் உட்கார்ந்து, சமையலறை மேடைக்கு எந்த மாதம் கல் வாங்கினால் காசு மிச்சமாகும் என்று நான் சொல்ல வேண்டும்.

"ஒரு நிமிசம் போதும் அங்கிள். அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க மாசத்த மட்டும் சொல்லுங்க."

முதல் முறை "ஆடி" என்று தொடங்கி, "ஆனால்" என்று நின்றேன். இரண்டாம் முறை "புரட்டாசி" என்று தொடங்கி, மறுபடியும் "ஆனால்" என்றேன். மூன்றாம் முறை ஜெசிந்தாவே போனை அணைத்துவிட்டார். "நீங்க எழுதியே குடுத்துருங்க அங்கிள். நான் சுருக்கிக்கிறேன்." அவர் எப்படிச் சுருக்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறேன்.

யார்டுக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழுக்கு வேடசந்தூர்ப் பக்கத்தின் பகுதிநேர நிருபராக இருந்தேன். மில் பஸ் கவிழ்ந்தால், குடிநீர் வராமல் காலிக்குடத்தோடு மறியல் நடந்தால், நான் போவேன். அங்கே கற்றது இரண்டு. பார்த்ததை எழுது, யார் சொன்னது என்று சேர்த்து எழுது. சம்பளம் எப்போது வரும் என்பதை மட்டும் அவர்கள் கற்றுத்தரவில்லை. ஒரு நாள் புறவழிச்சாலையில் கிரானைட் லாரி சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு சைக்கிளில் போனேன். லாரிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "எழுதுறதுதான் எழுதுறீக, எந்தக் கல்லு ஒடஞ்சிருக்கு, என்ன அளவுன்னு சேத்து எழுதிக் குடுங்களேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். அந்த லாரிச் செய்தி பேப்பரில் வரவில்லை. ஓய்வுபெறும் வரை நான் அந்த யார்டை விட்டு வரவில்லை.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் முதலாளி சவரிராயன். என் வேலை, வீட்டுக்குப் போய் மேடை அளப்பது, யார்டில் கல் காட்டுவது, வெட்டிப் பதிக்கும்போது கூட நிற்பது. முதலாளியின் வேலை விலை சொல்வது. அவர் விலை சொல்லும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காசு மிச்சமாவதும் போவதும் அந்த இடத்தில்தான்.

கல் வாங்க வருபவர் வந்ததும் விலை கேட்பார். முதலாளிக்கு அது காதில் விழாது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவார். டீ வரும். வந்தவர் கண் வைத்த கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்வார். தூசி படிந்து சாம்பலாக நிற்கிற கல், தண்ணீர் பட்டதும் பூத்த மாதிரி நிறம் காட்டும். வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதலாளி மிகவும் அன்பாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பால் காய்ச்சு எப்பங்க வச்சிருக்கீக?"

வந்தவருக்குச் சந்தோஷமாகிவிடும். புது வீடு கட்டியவரிடம் அதைத்தானே யாராவது கேட்க வேண்டும். தேதி சொல்வார், முகூர்த்தம் சொல்வார். சிலர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து அழைப்புப் பத்திரிகையே எடுத்துக் கொடுப்பார்கள். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படம் போட்ட பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் கிறிஸ்தவர், ஆனாலும் ஒற்றிக்கொள்வார். பிறகுதான் விலை சொல்வார். அந்த விலை, கல்லின் விலை அல்ல. பத்திரிகையில் இருக்கும் தேதிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதன் விலை.

பத்திரிகை அடித்துவிட்டு வருகிறவரிடம் பேரம் இல்லை. அவர் எழுந்து போவார். செம்பட்டி ரோட்டில் இருக்கிற இன்னொரு யார்டில் கேட்பார். அங்கேயும் ஒருவர் அன்பாகப் பால் காய்ச்சு எப்போது என்று கேட்பார். சாயங்காலம் நம்மிடமே வருவார். ஜெசிந்தா, இதைச் சுருக்க வேண்டாம்: கல் வாங்கப் போகும்போது பத்திரிகையை வண்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இனி ஆடி.

எங்கள் பக்கத்தில் ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் கல்லுக்கு ஆள் வராது. கல் வெட்டுகிறவர்கள் வேப்பமரத்தடியில் படுத்திருப்பார்கள். ஆடி பிறந்ததும் முதலாளி வாசலில் தள்ளுபடித் தட்டி கட்டுவார். சட்டென்று கூட்டம் வரும். எல்லோரும் ஒரே யோசனையோடு வருவார்கள். ஆடியில் வாங்குவது, ஆவணியில் பதிப்பது. வாங்குவதில் தோஷமில்லை, பதித்தால்தான் தோஷம் என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கும். கல்லுக்குக் காசு கட்டிவிட்டு, "ஆவணி மொத முகூர்த்தத்துக்கு அப்பறம் எடுத்துக்கிறோம்" என்று யார்டிலேயே விட்டுப்போவார்கள். கல் மேல் சாக்பீஸால் பெயர் எழுதிச் சுவரோரம் சாத்துவேன். ஆடி முடியும்போது சுவர் முழுக்க ஊர்ப்பெயர்கள் நிற்கும். ஒரு வருடம் மழை பெய்து எல்லாப் பெயரும் கழுவிக்கொண்டு போனது. சின்னாளப்பட்டி நெசவுக்காரர் ஒருவரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கல்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு பெயிண்டால் எழுதினோம்.

ஆவணி பிறந்ததும் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வெட்டும் ஆள் வேண்டும். ஆடியில் மரத்தடியில் படுத்திருந்த ஆட்கள், ஆவணியில் செல்போனையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் கூலியை ஏற்றிச் சொல்வார்கள். மதியம் பிரியாணி கேட்பார்கள். கல்லில் மிச்சம் பிடித்தது கூலியிலும் பிரியாணியிலும் போகும். வாங்கியவருக்கு அது தெரியாது. கல் விலையை ஊரெல்லாம் சொல்வார். கூலியை யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஆடியில் கல்லும் வாங்கி, அன்றைக்கே பதிக்கவும் செய்தால் இரண்டு பக்கமும் லாபம். அதைச் செய்யக்கூடியவர்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள். திண்டுக்கல்லில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தான் வருவார்கள். முதலாளிக்குத் தம் மதத்துக்காரர்களை நினைத்தால் ஆற்றாது. "ஆடியில வாங்கடா, ஒங்களுக்கென்னடா தடையின்னு நானும் எத்தனையோ வருசமாச் சொல்றேன். பூசைக்கே கடைசி மணி அடிச்சப்பறம் வர்ற கூட்டம் முருகேசு இது" என்று என்னிடம் புலம்புவார். சொல்லிவிட்டு டிசம்பர் விலையை அவர்களிடம் வாங்கிக்கொள்வார்.

மாதத்தில் இல்லாத மிச்சம் ஒன்றும் உண்டு. ஒரே பாறையில் அறுத்து வருகிற பலகைகளை ஒரு லாட் என்போம். நிறமும் புள்ளியும் ஒன்றாக இருக்கும். அடுத்த லாட்டில் அதே நிறம் வராது. ஹால் முழுக்கப் பதிக்கிறவர்களுக்கு நிறையப் பலகை வேண்டும். லாட் தீர்ந்து கடைசியில் ஒன்றோ இரண்டோ நின்றால் அவர்கள் தொட மாட்டார்கள். ஆனால் ஓர் அடுப்படிக்கு அதுவே போதும். அந்தக் கடைசிப் பலகை முதலாளிக்கு இடத்தை அடைக்கும் பாரம். அதை எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார். ஆனால் முன்னால் வைக்க மாட்டார். முன்னால் வைத்தால் அடுப்படிக்கு வருகிற எல்லோரும் அதையே கேட்பார்களே. யார்டின் பின்புறம், கழிவறைக்குப் பக்கத்தில், முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தியிருப்பார். கழிவறைக்குப் போகிற வாடிக்கையாளர்கள்தான் எங்களிடம் மலிவாக வாங்கியவர்கள்.

இத்தனையும் தெரிந்த முதலாளியைத் திணற வைத்தவர் ஒருவர் உண்டு. செல்லப்பாண்டி. திண்டுக்கல் வெங்காய மண்டியில் சின்ன வெங்காய வியாபாரம். செம்பட்டி ரோட்டில் அளவான வீடு ஒன்று கட்டியிருந்தார். ஒரு ஆடியில் வந்தார். நாற்காலி போட்டோம், டீ வந்தது, தண்ணீர் ஊற்றினோம். முதலாளி கேட்டார்.

"பால் காய்ச்சு எப்பங்க?"

"அதெல்லாம் சித்திரையிலயே காச்சிட்டோம்ல" என்றார் செல்லப்பாண்டி. "குடியும் போயாச்சு. அடுப்படி மேடை மட்டும் சும்மா சிமெண்டுப் பூச்சோட கெடக்கு. அவசரமில்ல. வெல எறங்கட்டும்."

முதலாளியின் கையில் டீ அப்படியே நின்றது. தேதி இல்லாத மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை. தள்ளுபடி விலையைச் சொன்னார். செல்லப்பாண்டி தலையை ஆட்டினார்.

"எறங்கும். செத்த பொறுப்போம்."

வெங்காய வியாபாரியின் புத்தி அது. வரத்து கூடினால் விலை விழும். விழத் தொடங்கிய முதல் நாளில் வாங்குகிறவன் ஏமாளி. இன்னும் விழும் என்று நிற்க வேண்டும். விற்கிறவனுக்குத்தான் பயம், சரக்கு முளைவிட்டுவிடும், அழுகிவிடும். அந்தப் பயத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் மண்டியில் திறமை. மண்டியில் அவர் பெயர் எடுத்ததே அதில்தான். கல்லும் அப்படித்தான் என்று நினைத்தார். எங்கள் யார்டில் நிற்கிற கல், மனிதன் பிறப்பதற்கு முன்னால் உண்டானது. அதற்கு முளைவிடத் தெரியாது.

அன்றிலிருந்து சந்தை முடிகிற நாளெல்லாம் வருவார். வந்து கல் பார்க்க மாட்டார். வாசலிலேயே வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்கு என்ன வெல?" என்று கேட்பார். ஆவணியில் விலை ஏறியிருந்தது. "ஏறுனா எறங்கணும்ல" என்று சிரித்துக்கொண்டே போனார். புரட்டாசியில் மறுபடியும் பால் காய்ச்சு கிடையாது, ஆள் கிடையாது. முதலாளி வீம்பை விட்டு விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். அது பெரிய தப்பாகப் போயிற்று.

"பாத்தீகளா, எறங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் செல்லப்பாண்டி. "இப்ப வாங்குனா நான் என்ன யாவாரி?"

அவர் போனதும் முதலாளி என்னிடம், "இந்த ஆளுக்கு நான் சும்மா குடுத்தாலும், நாளைக்கு மேல காசு போட்டுக் குடுப்பேன்னு நிப்பான் முருகேசு" என்றார்.

அதே வாரத்தில் ஒரு மதியம். மரத்தடியில் வெட்டும் ஆட்கள் இருவர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி நேராக உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தார். கையில் ஒயர் கூடை. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அடுப்படிக்குக் கல்லு பாக்கணும்ணே. நானே பாத்துக்கிறேன்."

கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே பிசைந்த மைதா மாவு. ஒரு உருண்டை எடுத்து, பலகை பலகையாக அழுத்தி உருட்டிப் பார்க்கத் தொடங்கினார். ஒட்டுகிறதா, வழுக்குகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். என் அனுபவத்தில் கல்லைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு, சாவியால் கீறியவர்கள் உண்டு. மாவு கொண்டுவந்தவரை நான் பார்த்ததில்லை. ஆபீஸ் அறையிலிருந்து முதலாளியும் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன தாயி இது?"

"சோமாசி மாவு. தீவாளிக்கு ஆர்டர் எடுத்திருக்கேன். போன வருசம் வாடகை வீட்டுல கல்லு மேடை. இப்ப சொந்த வீடு, சிமெண்டு மேடை. அதுல தேச்சா மண்ணு ஒட்டுது. போன மாசம் ஒரு விசேசத்துக்குக் குடுத்தேன். பல்லுல நறநறங்குதுன்னு ஒரு டீச்சரம்மா திருப்பிக் குடுத்தனுப்பிட்டாக. கீழ ஒக்காந்து தேக்கலாம்னா முழங்காலு மடங்காது. டாக்டரு ஒக்காரவே கூடாதுன்னுட்டாரு."

அவர் சொன்னதில் அழுகை எதுவும் இல்லை. செய்தி வாசிப்பது போலச் சொன்னார். ஆனால் திரும்பி வந்த அந்தச் சோமாசியைச் சொல்லும்போது டப்பா மூடியை இறுக்கி மூடினார். முதன்முறையாகத் தெருவைத் தாண்டி, மில் குடியிருப்பு வரைக்கும் ஆர்டர் எடுத்திருக்கிறாராம். இந்தத் தீபாவளிக்கும் நறநறத்தால் அடுத்த வருடம் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

"வீட்டுக்காரருகிட்டச் சொல்றதுதான தாயி?" என்றார் முதலாளி.

"சொல்லாமயா? வெல எறங்கட்டும்கிறாரு. செம்பட்டி ரோட்டு வெங்காயக்காரரு. இங்கதான் வாராராமே தெனமும்."

நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். அந்த அம்மாள்தான் ராஜாமணி, செல்லப்பாண்டியின் மனைவி.

முதலாளிக்குப் பழக்கம் விடவில்லை. மிகவும் அன்பாகக் கேட்டார். "அப்ப தீவாளிக்கு எத்தன நாளைக்கு முந்தி வேணும் தாயி?"

ராஜாமணி டப்பாவைத் திறந்து கையிலிருந்த மாவைப் போட்டார். மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு நான் ஒண்ணு கேக்கட்டுமா? தீவாளிக்கு முன்வாரம்னா என்ன வெல சொல்வீக? மில்லு போனசு வந்து கூட்டமா இருக்குமே. நாளைக்கே வந்து போடுறதுன்னா என்ன வெல? இந்தா, ஒங்க ஆளுக தாயம்தான உருட்டிக்கிட்டு இருக்காக."

தாயம் நின்றுவிட்டது. முதலாளி உட்கார நாற்காலி தேடினார்.

"கல்லும் பளபளன்னு புதுசு வேணாம்" என்றார் ராஜாமணி. "பின்னால தொவைக்கிற கல்லு மாதிரி ரெண்டு கருப்புத் துண்டு சாத்திருக்கே, அது போதும். மொகத்துப் பக்கமா கைய விட்டுத் தேச்சுப் பாத்தேன், மாவு அதுலதான் ஒட்டல."

கழிவறைக்குப் போகும் வழியில் நின்றவை அவை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெட்டியதில் மிஞ்சியவை. ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை. முதலாளி சொன்னார், "ஒட்டுப் போடணும் தாயி. நடுவுல கோடு தெரியும்."

"அடுப்பு வைக்கிற எடத்துல ஒட்டு வரட்டும். அடுப்புக்கு அடியில யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. யார் காசு கட்டினார்களோ அவர்களிடம் மட்டும்தான் விலை சொல்வது எங்கள் யார்டில் வழக்கம். செல்லப்பாண்டி கனவில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். ராஜாமணி முடிந்து வைத்திருந்த சொந்தக் காசை அங்கேயே எண்ணி வைத்தார். கிளம்பும்போது, "அவருகிட்ட நீங்க எதுவும் சொல்லாதீக. அவரு ஒரு கணக்குல இருக்காரு, கலச்சிரக் கூடாது" என்றார்.

மறுநாள் செல்லப்பாண்டி மண்டிக்குப் போனதும் நாங்கள் போனோம். புது வீட்டுச் சுவர்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. அதனால் மேடையை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சுவரோரம், நடுவில், விளிம்பில். அளந்தேன். மூலையில் ஒரு விரல்கடை கோணல் இருந்தது. சிங்க் தொட்டியைக் கையில் வாங்கி, கவிழ்த்து வைத்துக் கோடு போட்டேன். வாங்காத தொட்டிக்கு அளவு சொல்லி ஓட்டை போட்டு, பிறகு தொட்டி உள்ளே விழுந்த வீடுகளை நான் அறிவேன். கல்லை வாசலில் வைத்து, தண்ணீர் விட்டு வெட்டினார்கள். விளிம்பைக் கையில் குத்தாதபடி உருட்டி, மெருகேற்றினார்கள். பழைய சிமெண்டு மேடையைக் கொத்திவிட்டு, சாந்து பரப்பி, முதலில் நீளத் துண்டு, பிறகு குட்டை. ஒட்டு வருகிற இடத்தில் ராஜாமணி தன் அடுப்பையே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ஒட்டு அடுப்பின் கீழே நேராகப் போயிற்று. கருப்புப் பசையைப் பூசி வழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம்.

மண்டியில் அன்று லோடு வரவில்லையாம். செல்லப்பாண்டி சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"முருகேசு, நீ எங்க இங்க?"

நான் மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராஜாமணிதான் பேசினார்.

"நான்தான் வரச் சொன்னேன். கால வச்சு ஈரத்த மிதிக்காதீக."

அவர் சுவரோரமாக வந்து, குனிந்து, ஒட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெங்காயத்தின் தோலை விரல்நகத்தால் சீண்டிப் பார்ப்பது போலக் கல்லின் விளிம்பைச் சீண்டினார். முகத்தில் கோபம் என்று சொல்ல முடியாது. பெரிய ஏலம் ஒன்றில் தனக்குத் தெரியாமல் சரக்கு கைமாறிவிட்டதைப் பார்க்கிறவரின் முகம்.

"என்ன வெல?" என்றார்.

"நாளைக்குக் கேளுங்க" என்றார் ராஜாமணி. "இன்னும் எறங்கும்."

வெட்டும் ஆள் ஒருவர் அவசரமாகத் தண்ணீர் பிடிக்க வெளியே போனார். செல்லப்பாண்டி கொல்லைப்பக்கம் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து, எங்களுக்கு டீ வாங்கப் போனார்.

கல் காய்ந்த மூன்றாம் நாள் மாவு தேய்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு செல்லப்பாண்டி என்னை விடவில்லை. ஒரு நாள் தன் மச்சானுக்கு இதே மாதிரி இரண்டு துண்டு வேண்டும், என்ன ஆகும் என்று போனில் கேட்டார். மச்சானை வரச் சொன்னேன். இன்னொரு நாள் நேராகவே வந்து முதலாளியிடம் கேட்டார். "காசு குடுத்தவுககிட்டக் கேளுங்க தம்பி" என்றார் முதலாளி. "கேட்டேன். நாளைக்குங்கிறா" என்றார் செல்லப்பாண்டி. அன்று முதலாளி, செய்ய வேண்டாத ஒரு வேலையைச் செய்தார். டீ சொன்னார், பால் காய்ச்சு பற்றி எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்து அவரோடு குடித்தார்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் வெங்காயம் வாங்க மண்டிக்குப் போனேன். செல்லப்பாண்டியின் கடையில் கூட்டம். என்ன விலை விழுந்ததோ என்று எட்டிப் பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு சோமாசி வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று சாப்பிடக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கடிச்சுப் பாருங்க. ஒரு மணல் கெடச்சா நான் மண்டியவிட்டுப் போயிர்றேன். கல்லு மேடையில தேச்சது. இன்னைக்குச் சொல்றவுகளுக்கு இந்த வெல. ஐப்பசி பொறந்துருச்சுன்னா நான் பொறுப்பில்ல, வீட்டம்மா ஏத்திருவா."

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார். ஒன்றை வாயில் திணித்தார். மெல்லிசாகத் தேய்த்த மாவு, மொறுமொறுவென்று நாக்கில் உடைந்தது. நறநறப்பு எதுவும் இல்லை.

"ஏலே முருகேசு, ஒனக்கு எம்புட்டு? இப்பவே சொல்லிரு. பெறகு ஏறும்."

நான் எத்தனையோ பேருக்கு எப்போது வாங்கலாம் என்று சொன்னவன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பலகாரம் கல் இல்லை, வைத்தால் கெட்டுப்போகும். தீபாவளிக்கு முதல் நாள் மிஞ்சியதைத் தள்ளிவிடத்தான் வேண்டும். அப்போது போய் நின்றால் பாதி விலை.

"செத்த பொறுத்து வாங்கிக்கிறேன்ணே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பொறு" என்றார். அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் செம்பட்டி ரோட்டு வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் கருப்புக் கல் துடைத்து வைத்திருந்தது. அதன் மேல் மாவுத் தூள்கூட இல்லை. தகர டின்கள் எல்லாம் வாசலில் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. ராஜாமணி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்லப்பாண்டி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"அம்புட்டும் போயிருச்சேண்ணே" என்றார் ராஜாமணி. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நேத்தே தீந்துருச்சு. அந்த டீச்சரம்மாவே ஆளனுப்பி ரெண்டு கிலோ கேட்டாக, இல்லன்னுட்டேன். மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

செல்லப்பாண்டி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. தைலப் புட்டியை மூடிவிட்டு எழுந்து போய், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அடுத்த தீவாளிக்கு இப்பவே சொல்லிட்டுப் போறீகளாண்ணே?" என்று கேட்டார் ராஜாமணி.

சொல்லிவிட்டு வந்தேன். விலை கேட்கவில்லை.